விஸ்டார் எலியில் கார்டிசால் பூஜ்யம்: மருந்தா, கிட்டா?

கேள்வி | ஜூலை 18, இரவு 9.40

மதுரையில் முதுகலை விலங்கியல் கடைசி வருடம். ப்ராஜெக்ட்டுக்காக ஆண் விஸ்டார் (வெள்ளை ஆய்வக வகை) எலிகளுக்கு அமுக்கராக் கிழங்குச் சாறு கொடுத்து, தினமும் தண்ணீரில் நீந்தவிட்டோம். கடைசி நாள் ரத்தம் எடுத்து, மனிதர்களுக்கான கார்டிசால் சோதனை கிட்டில் பார்த்தோம். மருந்து கொடுத்த எலிகளில் கார்டிசால் கிட்டத்தட்ட பூஜ்யம். அமுக்கரா அழுத்த ஹார்மோனை அடியோடு நிறுத்திவிடுகிறது என்று எழுதலாமா? மருந்தே கொடுக்காத எலிகளிலும் குறைவாகத்தான் வந்தது. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

பதில் | ஜூலை 18, இரவு 10.15

உறுத்தட்டும் தம்பி, உறுத்த வேண்டிய இடம் அதுதான். எலியின் அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) கார்டிசால் சுரப்பதில்லை. சுரப்பது கார்டிகோஸ்டிரோன். கொலஸ்ட்ராலில் தொடங்கி கார்டிசாலில் முடிகிற பாதையில், 17ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் நொதி சிஒய்பி17. எலி, சுண்டெலி இரண்டுக்குமே அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் அந்த நொதி கிடையாது. அதனால் அந்தப் படியைத் தொடாத வேறு வழியில் போய், கார்டிகோஸ்டிரோனோடு நின்றுவிடும். கினிப்பன்றி நம்மைப் போலக் கார்டிசால்காரன். கோல்டன் ஹாம்ஸ்டர் இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

ஆக, உன் அமுக்கரா இல்லாத ஒன்றை நிறுத்தியிருக்கிறது.

ஜூலை 19, காலை 6.50

ராத்திரி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது 'எலிக்கு அந்த ஜீனே இல்லை' என்று வைவாவில் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். ஜீன் இருக்கிறது. ஆண் எலியின் விரையில் அதே நொதி டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்க உதவுகிறது. அட்ரீனலில்தான் அது வெளிப்படுவதில்லை. மனித அட்ரீனலில் இருந்து ஏராளமாக வரும் டிஎச்இஏ என்ற ஹார்மோன் எலி அட்ரீனலில் இல்லாததற்கும் இதே காரணம். எலியில் டிஎச்இஏ பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களும் இங்கேயே நின்று யோசியுங்கள்.

ஜூலை 19, இரவு 9.05

'அச்சான கட்டுரைகளிலேயே எலிக்கு கார்டிசால் போட்டிருக்கிறார்களே அக்கா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டிருக்கிறார்கள், நிறையவே. கிட்டில் கார்டிசாலைப் பிடிக்க என்று வைத்த எதிர்ப்பொருள் கார்டிகோஸ்டிரோனையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒரே குடும்ப மூலக்கூறுகள். அந்தக் கசிவைத்தான் கிட் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே ஸ்டூடண்ட் டி என்ற புள்ளியியல் சோதனை போட்டு, நட்சத்திரக் குறியும் வைத்துவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், எலி ஆய்வுக் கட்டுரையில் 'கார்டிசால்' என்று கண்டால், விளக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் மிச்சத்தைப் படிக்க மாட்டேன். கடுமையான தீர்ப்புதான். ஆனால் இதில் கவனமில்லாதவர்கள் வேறு எதில் கவனமாக இருந்திருப்பார்கள்?

ஜூலை 20, மதியம்

தம்பி, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கூண்டைத் தொட்டதில் இருந்து ஊசி குத்தும் வரை எவ்வளவு நேரம்? எதைக் கொடுத்து மயக்கினீர்கள்? சரியான கிட் வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

ஜூலை 20, இரவு 10.30

பதில் வந்தது: 'காலை பத்தில் இருந்து ஒரு மணி வரை. ஒவ்வொரு எலியாக. ஈதர்.'

சரி, பொறுமையாக வருகிறேன்.

முதலில் நேரம். நமக்கு கார்டிசால் உச்சம் விடியற்காலை, எழும் நேரத்தை ஒட்டி. எலி இரவுப் பிராணி. அதற்கு உச்சம் சாயங்காலம், விளக்கு அணையப்போகிற நேரம். காலையில் அடிமட்டம். அந்த அடிமட்டத்திலும் ஏறத்தாழ மணிக்கொரு தரம் சின்னச் சின்னத் துடிப்புகளாகத்தான் ஹார்மோன் வெளியே வரும். பத்து மணி எலியையும் ஒரு மணி எலியையும் ஒரே தட்டில் வைப்பதே தயக்கமான விஷயம். போதாததற்கு, முதல் எலியைப் பிடிக்கும்போது மற்றவை அதே அறையில் உட்கார்ந்து வாசனையும் சத்தமும் வாங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டாவது, மூன்று நிமிடம். புறணி ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சேர்த்து வைப்பதில்லை. மூளையின் ஹைபோதலாமஸில் இருந்து சிஆர்எச் என்ற தூது ஹார்மோன், அது தூண்டிப் பிட்யூட்டரியில் இருந்து ஏசிடிஎச் என்ற இன்னொன்று, அது ரத்தத்தில் அட்ரீனலுக்கு வந்து, கொலஸ்ட்ராலில் தொடங்கிப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு எடுக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் சலுகை. கூண்டைத் தொட்டு ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் வந்துவிட்டால், தொடுவதற்கு முன் இருந்த நிலையைப் பார்க்கலாம். அதற்கு மேல் ஏறத் தொடங்கும். பதினைந்தில் இருந்து முப்பது நிமிடத்துக்குள் உச்சம். சும்மா இருக்கும் எலியில் மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராமோ அதற்கும் கீழோ இருப்பது, மிரண்ட எலியில் சில நூறு. சுரப்பியின் உட்பகுதியான அகணியின் கதை வேறு. அட்ரீனலின் என்ற ஹார்மோன் அங்கே துகள்களாகக் கட்டித் தயாராக இருக்கும், நரம்பு சொன்ன மறு நொடி ரத்தத்தில் கொட்டும். கையால் பிடித்து எடுத்த ரத்தத்தில் 'அமைதி நிலை அட்ரீனலின்' பார்க்கவே முடியாது. முன்கூட்டியே குழாய் பொருத்தி வைத்தால்தான் உண்டு.

மூன்றாவது, ஈதர். எலிக்கு அழுத்தம் உண்டாக்க வேண்டும் என்றாலே பழைய ஆய்வகங்களில் ஈதர் காட்டுவார்கள். அதைப் போட்டுவிட்டு, நீந்தியதால் ஏறியதா என்று கேட்டால் எலி என்ன பதில் சொல்லும்?

ஜூலை 21, காலை

நீந்தவிட்டதைப் பற்றியும். ஒரே மாதிரி அழுத்தத்தைத் தினமும் கொடுத்தால் எலி பழகிப்போகும். முதல் நாள் எகிறிய கார்டிகோஸ்டிரோன் போகப் போக அந்த அளவுக்கு எகிறாது. கடைசி நாளில் மட்டும் பார்த்தால் மருந்து கொடுக்காத எலியும் அமைதியாகத் தெரியலாம். அப்புறம் தண்ணீர்ச் சூடு. மொட்டை மாடித் தொட்டியில் இருந்து மே மாத மதியத்தில் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது, காலைத் தண்ணீர் வேறு. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதினீர்களா? வழக்கமாக 25 டிகிரிப் பக்கம் வைப்பார்கள். குளிர்ந்த நீர் தனி அழுத்தம்.

ஜூலை 24, இரவு

ஆடி பிறந்துவிட்டது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் காலை ஐந்தரைக்கே குழாய் ரேடியோ. கூழ் ஊற்றும் வரை தூக்கம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஆய்வு மாணவியாக இருந்த இடத்தில் அனிமல் ஹவுஸுக்கு அடுத்த சுவரில்தான் கோயில். ஆடியில் எடுத்த கட்டுப்பாட்டு (மருந்து கொடுக்காத) எலிகளின் எண்கள் தையில் எடுத்தவற்றோடு ஒட்டவே ஒட்டாது. நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தோம். 'கோயிலை நகர்த்த முடியுமா?' என்று சிரித்தார்கள். நியாயம்தான். ஆனால் எலியை நகர்த்தியிருக்கலாமே.

ஒலிபெருக்கி நமக்குக் கேட்பதாவது தெரியும். எலிக்கு ஏறக்குறைய 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20இல் முடிந்துவிடும். சில மின் சாதனங்களும் கம்ப்யூட்டர் திரைகளும் நமக்குக் கேட்காத மீயொலியை எழுப்பிக்கொண்டே இருக்கும். அறை நிசப்தமாக இருக்கிறது என்று நாம் நினைப்போம்.

ஜூலை 26, மாலை 5.20

திண்டுக்கல் ரோட்டில் ஒரு பார்மசி கல்லூரியில் இருந்து ஒரு தங்கச்சி பதறிப்போய் எழுதியிருக்கிறாள்: எலிகளின் கண்ணோரத்திலும் மூக்கிலும் ரத்தம், ஊசியே போடவில்லை, மருந்து நஞ்சாகிவிட்டதா?

ரத்தமாக இருக்க வாய்ப்பு குறைவு. கண்விழிக்குப் பின்னால் எலிக்கு ஹார்டெரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது, நமக்குக் கிடையாது. அது கொழுப்போடு போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருளையும் சுரக்கும். நல்லாயிருக்கும் எலி முகம் கழுவும்போதே அதை ரோமத்தில் பூசித் துடைத்துவிடும், நம் கண்ணுக்குப் படாது. அழுத்தம், நோய், தண்ணீர்க் குறைவு என்று ஏதாவது வந்தால் சுரப்பு கூடும், எலி சோர்ந்து துடைப்பதையும் விட்டுவிடும். அப்போதுதான் வெள்ளை முகத்தில் கண்ணைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம். முன்னங்காலின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார், அங்கேயும் துரு பிடித்தாற்போல் கறை இருக்கும்.

ஜூலை 27, காலை

உறுதிப்படுத்த ஒரு மலிவான வழி. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் அந்தக் கறை மேல் அடித்துப் பார். போர்ஃபிரின் என்றால் சிவப்பாக ஒளிரும். ரத்தம் ஒளிராது, கறுப்பாக நிற்கும். விளக்கெண்ணெய், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் வேண்டாம். தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்.

ஜூலை 27, இரவு

தங்கச்சியின் பதில்: 'சிவப்பாக ஒளிர்ந்தது. இரண்டு கூண்டில் புட்டிக் குழாய் அடைப்பு.' மருந்து தப்பித்தது. கூண்டுக்குப் பொறுப்பான பையன் தப்பித்தானா தெரியவில்லை.

ஜூலை 30, இரவு 9.50

கிட் வாங்கக் காசில்லை, சுரப்பியின் எடையை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். பழைய வழி, ஆனால் ஏளனத்துக்குரிய வழி இல்லை. 1936இல் ஹான்ஸ் செல்யே எலிகளை வெவ்வேறு விதமாக வாட்டிவிட்டுப் பார்த்தது இதைத்தான்: அட்ரீனல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண். ஏசிடிஎச் நாள் கணக்கில் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால் புறணியின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கு பருக்கும். கார்டிகோஸ்டிரோன் நாள் கணக்கில் உயர்ந்தே இருந்தால் தைமஸ் கரையும். ரத்தத்தில் இருக்கும் எண் அந்தக் கணத்துக்கு. எடை போன பல நாட்களுக்கு. அதனால் அட்ரீனலோடு தைமஸையும் எடுத்து எடை போடுங்கள்.

எடுக்கிற விதம் முக்கியம். சிறுநீரகத்தின் மேல் முனையில் கொழுப்புக்குள் மிளகளவு உருண்டை, கொழுப்பை விடச் சற்றுச் செம்மை ஏறிய நிறம். கொழுப்பைத் தொட்டால் வழுக்கும், சுரப்பி விரலுக்குக் கொஞ்சம் கெட்டியாகப் படும். இடுக்கியால் சுரப்பியையே பிடிக்கக் கூடாது, பிதுங்கிவிடும். சுற்றியிருக்கும் கொழுப்பைப் பிடித்துத் தூக்கி, உப்புநீரில் நனைத்த வடிதாள் மேல் வைத்து, லென்ஸ் வழியாகக் கொழுப்பை உரிக்க வேண்டும். வளர்ந்த எலியில் ஒன்று 20 முதல் 30 மில்லிகிராம் வரும். ஒட்டிக்கொண்ட ஒரு துணுக்குக் கொழுப்பே ஐந்து மில்லிகிராம் இருக்கும், மொத்த முடிவும் அதில் கவிழும். தராசுக்கு மேலே மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், நிறுத்துங்கள். நிறுத்தினால் ஈரம் சீக்கிரம் காயாது என்ற லாபமும் உண்டு.

ஜூலை 31, காலை

முந்தைய குறிப்புக்கு வால். எலியில் இடது அட்ரீனல் வலதை விடக் கனம். ஒரு எலிக்கு இடது, இன்னொன்றுக்கு வலது என்று எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பெண் எலிக்கு ஆணை விடப் பெரிது, கார்டிகோஸ்டிரோனும் கூடுதல். ஹாம்ஸ்டரில் தலைகீழ், ஆணுக்குத்தான் பெரிது. ஏன் இந்தக் கோளாறு என்று கேட்காதீர்கள், இயற்கையிடம் கேளுங்கள்.

சுண்டெலி வைத்திருப்பவர்களுக்கு: மனித அட்ரீனல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது அடுக்கைத் தேடாதீர்கள். அந்த உள்ளடுக்கு சுண்டெலியில் தெளிவாக அமைவதில்லை. அதற்குப் பதில் அகணியை ஒட்டி எக்ஸ் வலயம் என்று ஒன்று. ஆணில் பருவம் வரும்போது மறையும். பெண்ணில் முதல் கர்ப்பத்தில் மறையும். குட்டி போடாத பெண்ணையும் போட்ட பெண்ணையும் கலந்து வெட்டிப் பார்த்துவிட்டு 'மருந்தால் புறணி அழிந்தது' என்று எழுதினால், பாவம் மருந்து.

ஆகஸ்ட் 3, இரவு

ஆடிப்பெருக்கு முடிந்து வந்து பார்த்தால் ஒரு ஐயா சவால் விட்டிருக்கிறார்: 'அட்ரீனலை எடுத்தால் எலி செத்துவிடும், பிறகு அதில் என்ன ஆராய்ச்சி?' சாகும், உப்பு கொடுக்காவிட்டால். அட்ரீனல் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இல்லாத உடம்பு சோடியத்தைச் சிறுநீரில் வழிய விட்டுவிடும். குடிக்க 0.9 சதவீத உப்புநீர் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். இதில் அழகான பகுதியை 1936இல் கர்ட் ரிக்டர் காட்டினார். அட்ரீனல் எடுத்த எலிக்கு வெறும் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதுவே உப்புத் தண்ணீரைத் தேடிப் போய்க் குடித்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. சில எலிகளில் துணை அட்ரீனல் திசு வேறெங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். சுரப்பியை எடுத்தபின் ஹார்மோன் இல்லை என்று நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, இரவு

'இந்த ஊரில் யார் இதையெல்லாம் செய்தார்கள்?' என்ற கேள்விக்கு. நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எம்.கே. சந்திரசேகரன் அங்கே உயிர்க்கடிகார ஆய்வை ஒரு பள்ளியாகவே வளர்த்தார். சமணர் மலைப் பக்கக் குகையில் வெளிச்சமே எட்டாத இருட்டில் தொங்கும் வௌவால்களுக்குச் சாயங்காலம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்கள். கூட்டத்தின் போக்குவரத்தே அவற்றுக்குக் கடிகாரம். பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் வயல்களில் பிடித்த வயல் சுண்டெலியை வைத்து, எந்த நேரத்தில் பட்ட வெளிச்சம் அதன் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, எந்த நேரத்தில் பின்னே தள்ளுகிறது என்று வரைபடம் போட்டார்கள். மனிதர்களையும் நேரம் தெரியாத அறையில் தங்கவைத்துப் பார்த்தார்கள். எலி ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு எலிதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம்.

இதையொட்டி: ராத்திரி காவல்காரர் அனிமல் ஹவுஸில் விளக்கைப் போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாரா? கேட்டுவையுங்கள். அந்த ஒரு வெளிச்சம் போதும், பினியல் சுரப்பி இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் அன்றிரவு விழுந்துவிடும். சி57 கறுப்புச் சுண்டெலிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை, அதற்கு மெலடோனின் தயாரிக்கும் திறமே பிறவிக் குறைபாடு. மெலடோனின் ஆய்வுக்கு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகஸ்ட் 6, மதியம்

கரண்ட் இல்லை. ஏசி நின்றால் எலி என்ன ஆகும் என்று பலர் கேட்டீர்கள், இப்போது நானே அந்த நிலையில்தான் இருக்கிறேன். ஒரு வேடிக்கை: ஆய்வகச் சுண்டெலிக்கு நாம் வைக்கும் 22 டிகிரி குளிர். அதன் உடம்புக்குச் சுகமான வெப்பம் 30க்குப் பக்கம். 22இல் அது தோள்பட்டைக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துக்கொண்டே காலம் தள்ளுகிறது. அதற்காக மதுரையின் 39 டிகிரியில் விடலாம் என்று அர்த்தமில்லை. எலிக்கு நம்மைப் போல வியர்வை கிடையாது. எச்சிலை உடம்பெல்லாம் பூசித்தான் குளிரவைத்துக்கொள்ளும். உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துவிட்ட எலி சூட்டில் தாங்காது. வயிற்றுப் பக்கம் ரோமம் நனைந்து ஒட்டிய எலியைப் பார்த்தால் ஜெனரேட்டரை உடனே போடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 10, இரவு

ஆண் எலி, பெண் எலி பேசினோம். பிடிக்கிறவர் ஆணா பெண்ணா என்பதும் கணக்கில் வரும். 2014இல் மெக்கில் பல்கலைக்கழகக் குழு காட்டியது: ஆண்கள் பக்கத்தில் இருந்தாலோ, அவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட் அருகில் இருந்தாலோகூட எலிகளுக்கு அழுத்தம் ஏறுகிறது, கார்டிகோஸ்டிரோன் உயர்கிறது. பெண்கள் பக்கத்தில் இருந்தபோது அப்படி ஆகவில்லை. அண்ணன்மார்கள் கோபப்பட வேண்டாம், எலிகளிடம் பேசிக்கொள்ளுங்கள். கட்டுரையில் பிடித்தவர் யார் என்று ஒரு வரி எழுதினால் போதும், பாதி நாள் ஒருவர் பாதி நாள் இன்னொருவர் என்று மாற்றாதீர்கள்.

ஆகஸ்ட் 11, காலை

தைராய்டு பற்றி ஒருவர்: மனிதனுக்குக் கொடுக்கும் தைராக்சின் அளவை எலியின் எடைக்குக் குறைத்துக் கொடுக்கலாமா? கூடாது. நம் ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும், எலியில் ஒரு நாளுக்குள் முடியும். அதைப் பிடித்துவைக்கும் சிறப்புப் புரதம் வளர்ந்த எலியில் இல்லாததே முக்கியக் காரணம். அதனால் எலியின் தைராய்டு ஓய்வில்லாமல் ஓடுகிறது, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் தொடர்ந்து உயர்ந்தால் கட்டி வரும் வாய்ப்பும் அதற்கு அதிகம். எலித் தைராய்டில் கட்டி கண்ட மருந்தை உடனே மனிதனுக்கும் ஆபத்து என்று எழுதாமல் இருப்பதற்கு இதுதான் அடிப்படை.

ஆகஸ்ட் 14, இரவு 10.10

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறான். கைடு சமர்ப்பிக்கச் சொல்கிறாராம். இனி எலி இல்லை, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அந்த எண்ணிக்கையோடு முடிந்தது. உறைவித்த சீரம் கொஞ்சம் இருக்கிறது. அட்ரீனல்கள் ஃபார்மலினில், எடை போடாமல்.

சீரத்தைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்காமல் இருந்தால் கார்டிகோஸ்டிரோன் நன்றாகவே தாங்கும். எலிக்கான கார்டிகோஸ்டிரோன் கிட் ஒன்றை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள், ஒரு தட்டில் 96 குழி இருக்கும். வரும் எண்ணை 'ஈதர் கொடுத்த, காலை 10 முதல் 1 வரை எடுத்த' எண் என்றே எழுது. ஒவ்வொரு எலியும் எந்த வரிசையில் பிடிபட்டது என்று குறிப்பேட்டில் இருந்தால் அதையும் அட்டவணையில் போடு. வரிசைப்படி எண்கள் ஏறினால் அதையும் மறைக்காமல் எழுது. ஃபார்மலினில் ஊறிய சுரப்பியின் எடையைப் புது எடை என்று போடாதே. அதை பாரஃபினில் பதித்து வெட்டி, நடு அடுக்கின் அகலத்தை எல்லா எலியிலும் சுரப்பியின் நடுப்பகுதி வெட்டில் அள. இரண்டு குழுவுக்கும் நடுவில் வித்தியாசம் வந்தால் அமுக்கராவைப் பற்றிச் சொல்ல உனக்கு ஒரு வரி கிடைக்கும்.

கார்டிசால் பட்டியலைப் பின்னிணைப்பில் வை, கிழித்துப் போடாதே. வைவாவில் யாராவது ஏன் மாற்றினாய் என்று கேட்டால் சிஒய்பி17 என்று ஆரம்பி.

ஆகஸ்ட் 15, காலை

'கைடு கார்டிசால் பட்டியலையே முதலில் வைக்கச் சொன்னால்?' என்று கேட்கிறான். கைடுக்கு முதல் குறிப்பைக் காட்டு. அப்படியும் கேட்காவிட்டால் எனக்கு எழுது, நேரில் வந்து அவரிடம் பேசுகிறேன். திருமங்கலத்தில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.